கலங்கிய நீரும் கைக்கயிறும்

கூலிம் ஹைடெக் பூங்காவுக்கு அணித்தேயுள்ள தோட்டமொன்றில் கணக்கெழுதும் நாம், பெருமழை விட்டபின் செம்மண் கரைந்தோடும் ஆற்றைப் பார்த்து நிற்பதுண்டு. அந்நீரில் முழங்கையளவு ஆழ்த்தினால் நம் விரலே நமக்குத் தெரியாது. அதனுள் மூழ்கித் தேடுவோனுக்குக் கண் எது? கையும் கயிறுமே.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மன்னார்க் குடாவில் முத்துக் குளித்தோர் கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கையால் வாரினர். பின்பு கயிற்றை அசைத்தனர். படகிலிருந்தவன் இழுத்தான். அவன் கவனம் சிதறின் கீழிருப்பவன் கதி என்னாகும்? எனினும் அவர்கள் காலமறிந்தே இறங்கினர். பருவக்காற்றில் கடல் கலங்கும் மாதங்களை விலக்கி, பங்குனி சித்திரையில் நீர் தெளிந்தபோதே சலாபம் கூட்டினர்.

வாணிகம் தெளிவுக்குக் காத்திருக்கலாம். ஆபத்திலிருக்கும் உயிர் காத்திருக்குமா?

2018 ஜூன் 23-இல், நம் முன்னோர் சயாம் என்றழைத்த தாய்லாந்தில், தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவரும் அவர்தம் பயிற்றுநரும் வெள்ளத்தால் அடைபட்டனர். ஜூலை 2-இல் பிரிட்டிஷ் முக்குளிப்போர் இருவர் அவர்களைக் கண்டனர். குகைநீரோ சேற்றுக்குழம்பு. ஜூலை 6-இல், காற்றுக்கலங்களைக் குகையினுள் வைத்துத் திரும்பிய சமான் குனான் உயிர் நீத்தார். ஆயினும் மற்றையோர் பின்வாங்கினாரில்லை. ஒரு கையால் வழிக்கயிற்றையும் மறுகையால் சிறுவனையும் பற்றி, ஜூலை 10-க்குள் 13 பேரையும் வெளிக்கொணர்ந்தனர்.

அவ்வாண்டே அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, நம் நாட்டில், பூச்சோங்கை அடுத்த சுரங்கக்குட்டையில் விழுந்த இளைஞனைத் தேடி இறங்கிய தீயணைப்பு மீட்பு வீரர் அறுவர் நீரின் வேகத்தில் மாண்டனர். அவர்களிடமும் கயிறு இருந்தது; நீர் அதனை வென்றது.

நேயர்களே! முத்தின் விலையை எழுதிய வரலாறு, மூழ்கியவன் பெயரை எழுத மறந்தது. நாமும் அப்பிழையைச் செய்தல் தகாது. நம் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்போம். கைவிடப்பட்ட குட்டைகளை அவர்கள் நெருங்காதபடி காப்போம். இருளில் இறங்கியோர்க்குக் கரையில் நிற்போர் செலுத்தும் கைம்மாறு அதுவே.