மலைக்காட்டில் ஓர் இருப்புப்பாதை

மன்னர்களின் வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அதைத் தேடி எடுத்துப் படிக்க முடிகிறது. உழைப்பாளிகளின் வரலாற்றுக்கு அந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. அவர்கள் கட்டிய பாலம் நிற்கலாம்; வெட்டிய கால்வாய் ஓடலாம். ஆனால் கட்டியவர் யார், வெட்டியவர் எங்கே உறங்கினார், என்ன கூலி பெற்றார் என்பதெல்லாம் இரண்டு தலைமுறைக்குள் மறந்து போகும். சில தொழில்களிலோ செய்த வேலையின் அடையாளமே மிஞ்சுவதில்லை. காட்டுக்குள் மரம் ஏற்றிவர இருப்புப்பாதை போடும் தொழில் அத்தகையது. அங்கே தண்டவாளத்தைப் பதிக்கும்போதே, ஒரு நாள் இதைப் பெயர்த்து வேறிடத்துக்குக் கொண்டு போவோம் என்ற எண்ணத்தோடுதான் பதிப்பார்கள். பள்ளத்தாக்கில் மரம் தீர்ந்தால் பாதையும் தீர்ந்தது. நிலைத்து நிற்பதற்கென்று செய்யப்படாத ஒன்றின் வரலாற்றை எவ்வாறு காப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அப்பலேச்சிய மலைத்தொடரில் உள்ள காஸ் என்னும் சிற்றூரின் கதை இந்தக் கேள்விக்கு ஒரு விடை தருகிறது.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் போகஹாண்டஸ் மாவட்டம் என்ற மலைப்பகுதி உள்ளது. அங்கே கிரீன்பிரையர் ஆற்றங்கரையில் 1901-ஆம் ஆண்டில் காஸ் உருவாயிற்று. அதை உருவாக்கியது ஒரு காகிதக் கம்பெனி. வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் கம்பெனி என்பது அதன் பெயர். அந்தக் கம்பெனியின் தலைவர்களுள் ஒருவரான ஜோசப் காஸ் என்பவரின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. ஊருக்கு எதிரே எழும் சீட் மலையில் சிவப்பு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் அடர்ந்து வளர்ந்திருந்தது. காகிதக் கூழுக்கு அதைவிடச் சிறந்த மரம் அந்த வட்டாரத்தில் வேறில்லை. ஆற்றோரமாகச் செஸபீக் அண்ட் ஒஹையோ ரயில்வேயின் கிளைப்பாதை வந்து சேர்ந்திருந்தமையால், காஸிலிருந்து வர்ஜீனியா மாநிலத்துக் கோவிங்டன் நகரக் காகித ஆலைக்கு மரத்தை அனுப்புவது எளிதாயிற்று. மரத்தை மலையிலிருந்து காஸுக்கு இறக்குவதுதான் கடினம்.

அதற்காகவே கம்பெனி ஒரு மலை ரயில்பாதையை அமைத்தது. பாதை போட்டவர்களுள் இத்தாலியரும் ஆஸ்திரியரும் பலர். சாதாரண ரயில்பாதைகளில் நூறு அடி தூரத்துக்கு இரண்டடி ஏறினாலே செங்குத்து என்று பொறியாளர்கள் தயங்குவர். காஸ் பாதையிலோ சிலவிடங்களில் நூறு அடிக்குப் பதினோரடி ஏற்றம் இருந்தது. வளைத்துக் கொண்டு போகவும் இடமில்லாத சரிவுகளில் வண்டி முன்னோக்கி ஏறி நின்று, பிறகு பின்னோக்கி ஏறும். இவ்வாறு இரண்டு இடங்களில் திசை மாறி மாறி அது உச்சியை நோக்கிச் செல்லும்.

இத்தகைய பாதையில் சாதாரண நீராவி எஞ்சின் ஏறாது. அதன் சக்கரங்கள் வழுக்கிவிடும். இங்கே பயன்பட்டது ஷே எஞ்சின் என்ற தனி வகை. மிச்சிகன் மாநிலத்தில் மரவியாபாரம் செய்துவந்த எஃப்ரெய்ம் ஷே என்பவர் தம் தேவைக்காகவே சிந்தித்து அதை அமைத்தார். 1881-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இதன் உருளைகள் எஞ்சினின் வலப்பக்கத்தில் நேர் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் விசை, பக்கவாட்டில் நீண்டு செல்லும் ஒரு தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு பற்சக்கரங்களின் வழியாக எல்லாச் சக்கரங்களையும் ஒருங்கே திருப்பும். உருளைகளின் கனம் ஒரு புறம் சாய்க்காதிருக்க, கொதிகலனைச் சற்று இடப்பக்கமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். பார்வைக்கு இது ஒருக்களித்து நிற்பது போலத் தோன்றும். வேகமோ மிகக் குறைவு. ஆனால் வேறெந்த எஞ்சினும் ஏறாத சரிவில், சீரில்லாத தண்டவாளத்தின் மேல், சுமையோடு ஏறிவிடும். ஒஹையோ மாநிலத்து லைமா நகரத் தொழிற்சாலை 1945 வரையில் இவ்வகை எஞ்சின்களை 2,700-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்து தந்தது.

காஸில் ஒரு பெரிய அறுவை ஆலை எழுந்தது. பதினோரு மணி நேர முறைகள் நாளொன்றுக்கு இரண்டு. வாரத்தில் ஆறு நாள் வேலை. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் உள்ள பலகையை அந்நாட்டு மரவணிகர் ஒரு போர்டு அடி என்பர். காஸ் ஆலை ஒரு முறையில் 1,25,000 போர்டு அடி அறுத்தது. வாரத்துக்குப் பதினைந்து லட்சம் ஆயிற்று. நாற்பது ஆண்டுகளில் காஸிலும், மலைமேல் இருந்த ஸ்புரூஸ் என்ற ஊரிலுமாக 225 கோடிப் போர்டு அடிக்கு மேல் மரம் ஆலைகளின் வழியே சென்றது.

ஸ்புரூஸ் என்ற அந்த ஊரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,850 அடி உயரத்தில், ஷேவர்ஸ் ஃபோர்க் என்ற சிற்றாற்றின் கரையில் அது இருந்தது. அங்கே 1905-இல் மரப்பட்டை உரிக்கும் ஆலை அமைந்தது. வீடுகளும் கடையும் பள்ளியும் அங்கே இருந்தன. ஆனால் சாலை இல்லை. மருத்துவர் வருவதானாலும் மாவு மூட்டை வருவதானாலும் ரயிலில்தான் வரவேண்டும். 1925-இல் ஆலை மூடப்பட்டது. ஊர் மெல்லக் கலைந்தது. இன்று அங்கே செல்வோர் காண்பது புல்லிடையே தலைகாட்டும் சில சிமெண்டு அடித்தளங்களை மட்டுமே.

உழைத்தவர்களின் வாழ்வு எவ்வாறு இருந்தது? மலைமேல் முகாம்களில் அவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருந்தனர். பனியிலும் மழையிலும் கோடரியும் இழுவாளும் கொண்டு மரத்தைச் சாய்த்தனர். சுமையேறிய வண்டிகள் இறங்கும்போது, பிரேக் பிடிப்பவர் வண்டிக்கு வண்டி தாவிச் சக்கரக்கட்டைகளைக் கையால் முறுக்கினார். கை வழுக்கினால் உயிர் போகும். காஸ் ஊரில் கம்பெனியின் வெள்ளை வீடுகள் வரிசையாக நின்றன. வீடும் கம்பெனியுடையது, கடையும் கம்பெனியுடையது. கூலியில் ஒரு பகுதி அதே கடைக்குத் திரும்பிற்று. ஆற்றுக்கு அப்பாலிருந்த கிழக்குக் காஸின் மதுக்கடைகளில் மறுபகுதியைக் கரைத்தவர்களும் இருந்தனர்.

மனிதர் இத்தனை பாடுபட்டதன் விளைவை மலையும் சுமந்தது. மரம் வெட்டிய சரிவுகளில் கிளைகளும் பட்டைகளும் உலர்ந்து கிடந்தன. எஞ்சினிலிருந்து பறந்த பொறி ஒன்று போதும், நெருப்புப் பற்றிக்கொள்ளும். பலவிடங்களில் தீயானது மரங்களோடு நில்லாமல் மேல்மண்ணையும் எரித்துப் பாறையை வெளிப்படுத்திற்று. மழைநீரைத் தாங்கி நிற்கக் காடு இல்லாமற் போகவே வெள்ளம் பெருகிற்று. ஷேவர்ஸ் ஃபோர்க்கின் நீர் சீட் ஆற்றிலும், அது மொனாங்கஹேலா ஆற்றிலும் சேர்ந்து பிட்ஸ்பர்க் நகரை அடைகிறது. 1907 மார்ச்சில் அந்நகரம் பெருவெள்ளத்தில் மூழ்கியபோது, மலைக்காட்டின் அழிவுக்கும் கீழ்நிலத்தின் துயரத்துக்கும் உள்ள உறவை நாடு உணரத் தொடங்கியது. ஆற்றுத் தலைப்புகளிலுள்ள நிலத்தை அரசாங்கம் வாங்கிக் காக்கலாம் என்ற சட்டம் 1911-இல் பிறந்தது. அச்சட்டத்தின் பயனாக 1920-இல் மொனாங்கஹேலா தேசியக் காடு அமைந்தது.

மரத்தின் காலம் தாழ்ந்தபோது நிலக்கரியின் காலம் உயர்ந்தது. காகிதக் கம்பெனி சீட் மலைக்கு அப்பால் எல்க் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை நீட்டியிருந்த பாதையை, 1920-களின் பிற்பகுதியில் வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்வே விலைக்கு வாங்கியது. மரம் இறங்கிய வழியில் நிலக்கரி ஏறிற்று. காஸ் ஆலையும் அதன் மலைப்பாதையும் 1942-இல் மோவர் மரக் கம்பெனியின் கைக்கு மாறின. இரண்டாம் முறை வளர்ந்த மரங்களை அறுத்துக்கொண்டு இன்னும் பதினெட்டு ஆண்டு அவை இயங்கின. 1960 ஜூலை 1-ஆம் நாள் எல்லாம் நின்றது.

நின்ற எஞ்சின்களுக்கும் தண்டவாளங்களுக்கும் அன்று இருந்த மதிப்பு பழைய இரும்பின் மதிப்புத்தான். பழைய இரும்பு வாங்கும் ஒரு நிறுவனம் அவற்றை விலைபேசிப் பெற்றுக்கொண்டது, உடைக்கவும் தொடங்கியது. அந்த நேரத்தில் ரஸல் பௌம் என்ற ரயில் ஆர்வலர் குறுக்கிட்டார். அவர் உள்ளூர்க்காரர் அல்லர், பென்சில்வேனியா மாநிலத்தவர். இந்தப் பாதையை வைத்துக் காப்பாற்றினால் மக்கள் இதைக் காண வருவார்கள், ஏழை மாவட்டத்துக்கு ஒரு வருவாயும் கிடைக்கும் என்று அவர் ஊராரிடமும் சட்டமன்றத்தினரிடமும் எடுத்துரைத்தார். மரம் ஏற்றிய அழுக்கு வண்டியைப் பார்க்கப் பணம் கொடுத்து யார் வருவார் என்று ஐயுறுவது இயல்பே. ஆயினும் 1961-இல் மாநிலச் சட்டமன்றம் இணங்கியது; பாதை அரசுப் பூங்காவாயிற்று. 1963 ஜூன் 15-ஆம் நாள் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. மரக்கட்டை ஏற்றிய வண்டிகளில் பலகை ஆசனம் போட்டிருந்தார்கள். அந்த ஆண்டில் ஏறியவர்கள் 23,000 பேர். 1968-இல் வண்டி, பதினோரு மைல் தூரத்திலுள்ள பால்டு நாப் சிகரம் வரையிலும் சென்றது. 1977-இல் ஊரின் வீடுகளும் அரசுடைமையாயின. 2015 முதல் ஒரு தனியார் ரயில் நிறுவனம் வண்டிகளை நடத்திவருகிறது.

காப்பது என்பது ஒரு நாளில் முடியும் செயல் அன்று. 1972-இல் எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை எரிந்தது. 1982-இல் அறுவை ஆலை எரிந்தது. 1985 நவம்பரில் வந்த வெள்ளம் ஆற்றோரப் பாதையை அரித்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் எஞ்சியதைத் திரட்டிக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். 1905-இல் லைமாவிலிருந்து வந்த ஐந்தாம் எண் ஷே எஞ்சின், மலையில் மரம் இழுத்த அதே பாதையில் பிற்காலத்தில் பயணிகளைச் சுமந்தது. அதற்குத் துணையாக 1980-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது, மேரிலாண்ட் மாநிலத்து நிலக்கரிச் சுரங்கக் கிளைப்பாதைக்காக 1945-இல் செய்யப்பட்ட 162 டன் எஞ்சின். ஷே வகையில் கடைசியாகச் செய்யப்பட்டது அதுவே.

இரும்பைக் காத்தால் வரலாற்றைக் காத்ததாகுமா? எஞ்சின் பேசாது. அதன் பக்கத்தில் நின்றவனின் பேச்சையும் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். காஸ் இதிலும் பேறு பெற்றது. அவ்வூரில் வாழ்ந்த பிளாக்ஹர்ஸ்ட் என்ற பள்ளி ஆசிரியர், பழைய மரவெட்டிகளின் கதைகளை ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நூல்களாக எழுதத் தொடங்கினார். ராய் கிளார்க்சன் என்ற தாவர இயல் அறிஞர், அந்த மாநிலத்தின் மரத்தொழில் முழுவதையும் ஆராய்ந்து 1964-இல் ஒரு நூலும், காஸின் வரலாற்றைப் பற்றிப் பின்னர் மற்றொரு நூலும் வெளியிட்டார். ஒருவர் மனிதரின் நினைவைக் காத்தார். மற்றவர் காட்டின் கணக்கையும் சேர்த்து எழுதினார். 1982 முதல் ஒரு வரலாற்றுச் சங்கமும் படங்கள், ஆவணங்கள் முதலியவற்றைத் திரட்டிவருகிறது. வழியில் உள்ள விட்டேக்கர் நிலையத்தில் பழைய முகாமைப் போன்ற ஒன்றை அமைத்து, நீராவியின் விசையால் கம்பிவடம் கொண்டு மரம் இழுத்த பெரும்பொறியையும் அங்கே நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவது ஆவணம் ஒன்று உண்டு. அது நிலமே. மோவர் கம்பெனிக்கு உரியதாயிருந்த மலைநிலத்தில், மரத்துக்குப் பின் மேற்பரப்பைத் தோண்டி நிலக்கரி எடுத்தார்கள். கனத்த இயந்திரங்கள் இறுக்கிவிட்ட மண்ணில் புல் முளைத்தது, மரம் வேரூன்றவில்லை. ஏறத்தாழ 40,000 ஏக்கர் கொண்ட அந்நிலம் 1980-களில் தேசியக் காட்டோடு சேர்ந்தது. அதன் பின் அங்கே இறுகிய மண்ணைப் பிளந்து சிவப்பு ஸ்புரூஸ் கன்றுகளை நட்டுவருகிறார்கள். அந்த நிலம் இன்றும் மோவரின் பெயராலேயே வழங்குகிறது. எந்தக் கம்பெனி மரத்தை வெட்டியதோ அதன் பெயரைத் தாங்கிய மண்ணில் அதே மரம் மறுபடி எழுகிறது.

பால்டு நாப் சிகரத்துக்கு ஏறும் பயணிக்கு இருபுறமும் பசுமையே தெரியும். எஞ்சினின் ஊதல் இனிமையாக இருக்கும். இந்த வண்டி ஒரு காலத்தில் இந்தக் காட்டையே விழுங்கியது என்று யாரும் சொல்லாவிட்டால், அவர் ஒரு வேடிக்கை வண்டியில் ஏறி இறங்கியவராவார். காஸில் அதைச் சொல்லவும் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஏறுபவருக்கு மலையேறும் திறமையின் பெருமையும், அதற்கு உழைத்தவரின் வேர்வையும், அதற்காக மலை கொடுத்த விலையும் சேர்ந்தே தெரியவரும். பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த ஓர் எஞ்சினைத் தடுத்து நிறுத்தியதன் முழுப்பயன் அப்போதுதான் கைகூடுகிறது.