உதிரிப் பாடல்களைக் காத்த ஒருவர்



குழந்தைப் பருவம் செத்தது, காளைப் பருவம் செத்தது, நாள்தோறும் சாகிறோமே, நமக்காக நாம் ஏன் அழவில்லை என்று கேட்கும் குண்டலகேசிப் பாட்டை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். நினைவிருக்கும். ஒருநாள் மூன்றாம் வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சார், குண்டலகேசிங்கிறது யாரு? அவங்க கதை என்ன?" என்றாள். "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது.

ஓய்வுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்த நூல் இன்று முழுதாக இல்லை. கிடைத்திருப்பவை இருபது பாட்டுக்குள்தான். அவையும் புறத்திரட்டு என்ற தொகைநூலின் புண்ணியத்தில். சுமார் 15-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் பல நூல்களிலிருந்து தமக்குப் பிடித்த பாடல்களைப் பொறுக்கி, பொருள்வாரியாக அடுக்கி, எந்த நூலிலிருந்து எடுத்தது என்றும் குறித்து வைத்தார். தம் பெயரை மட்டும் எழுதவில்லை! அதை ஆராய்ந்து பதிப்பித்தவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை. முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் பாடல்களும், வளையாபதியில் எஞ்சியவற்றில் பெரும்பாலானவையும் இதனால்தான் பிழைத்தன. மூல ஏடுகள் போய்விட்டன, குறிப்பேடு நின்றுவிட்டது.

ஆனால் ஒரு குறையும் உண்டு. அவர் தேடியது நீதி. நிலையாமை, துறவு, கல்வி என்ற தலைப்புகளுக்குப் பொருந்தியதை எடுத்தார், கதையை விட்டுவிட்டார். கொலைக்களத்துக்குப் போன கள்வனைக் காதலித்து மீட்டு மணந்த பெண், அவனே நகைக்காகத் தன்னை மலையுச்சிக்கு அழைத்து வந்தபோது, வலம் வந்து வணங்குவதாகச் சொல்லி அவனைத் தள்ளிவிட்டாள். பிறகு வாதில் வல்லவளாகி, பௌத்தத் துறவியானாள். இத்தனையும் நமக்குத் தெரிவது நீலகேசியின் உரை, பாலி மொழி உரைகள் போன்ற வேறு இடங்களிலிருந்துதான். அவளைப் பாடிய நூலிலிருந்து அல்ல.

தொகுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் எடுக்காவிட்டால் அந்தப் பத்தொன்பதும் கிடையாது. நூலின் பெயரையாவது எழுதி வைத்தாரே. நான் எத்தனை பாட்டை எங்கிருந்து வந்தது என்றே சொல்லாமல் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்!

மூன்றாம் வரிசை அம்மா, நீ இதைப் படித்தால், உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.