ஆளுநர் தொடங்கிய நூலகமும் கப்பலேறியவர்களின் கதைகளும்

புதுச்சேரிப் பொது நூலகத்தை 1827-இல் தொடங்கியவர் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன். ஆரம்பத்தில் அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம்மவர்களுக்குக் கதவு திறந்தது பிறகுதான். இதே ஆளுநர் காலத்தில், 1828-இல், ஏனாமிலிருந்து 15 தெலுங்குத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியன் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். தெபசேன் வம்சமோ அந்தத் தீவின் பெரிய தோட்ட முதலாளி வம்சம். நூலகத்தைப் புகழ்பவர்கள் இந்த இரண்டாவது செய்தியைத் தொடுவதில்லை. எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. 1966-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலனின் பெயரைப் பெற்ற அந்த நூலகம் 2027-இல் இருநூறைத் தொடுகிறது என்பதால், முதலியார்பேட்டை வாசகன் ஒருவனின் கணக்காக இதை எழுதிவைக்கிறேன்.

கப்பல்கள் அதோடு நிற்கவில்லை. 1853-இல் புதுவையிலிருந்து போன ஒரெலி என்ற கப்பல் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் கூலிகளை இறக்கியது. பிறகு சைகோனுக்கு எழுத்தர்களும், சொல்தாக்கள் எனப்பட்ட பிரெஞ்சுப் படைவீரர்களும் போனார்கள். 1881 ஆணைப்படி சாதிவழக்கைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது கிடைத்த ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் பலரின் பிள்ளைகள் பாரிசுப் புறநகர்களில் குடியேறினார்கள். இத்தனை பேர் போயும், அவர்களைப் பற்றிய நாவல்கள் வெகுகாலம் கழித்தே வந்தன. ஸ்ட்ராஸ்பூரில் வாழும் நம்மூர்க்காரர் நாகரத்தினம் கிருஷ்ணாவின் ‘நீலக்கடல்’ பதினெட்டாம் நூற்றாண்டின் புதுவையையும் மொரீசியஸ் தீவையும் ஒரே கதைக்குள் கட்டியது. மார்த்தினிக் எழுத்தாளர் ரஃபயேல் கொன்ஃபியான், கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களைப் பற்றி 2004-இல் பிரெஞ்சில் ஒரு பெரிய நாவல் எழுதினார்.

எனக்கு நெருக்கமானது அரி கொத்தியே 2018-இல் பிரெஞ்சில் எழுதிய ‘திண்ணை’. மடகாஸ்கரில் பிறந்து, புதுவையில் வளர்ந்து, நார்வேயில் வாழ்பவர் அவர். ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பும் ஒருவன் குருசுக்குப்பத்து வீட்டை நினைத்துப் பார்க்கிறான். நாட்டையோ மொழியையோ அல்ல, தெருவுக்கும் நிலைவாசலுக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சில அடி மேடையையே கதை சுற்றிச் சுற்றி வருகிறது. திண்ணையில் வழிப்போக்கன் கேட்காமல் உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம், கதையும் சொல்லலாம். உள்ளே போக முடியுமா என்பது மட்டும் அவன் யார் என்பதைப் பொறுத்தது. கலப்பு வம்சக் கிரெயோலா, சொல்தா வீட்டுப் பிள்ளையா, எந்தச் சாதி என்பதெல்லாம் நிலைப்படியில்தான் தெரியவரும். குடியேறியவனின் நிலைமையும் அதுதானே? பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் பாரிசில் அவன் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஊருக்கு வந்தாலும் விருந்தாளிதான். ‘அடையாளச் சிக்கல்’ என்று ஆய்வேடுகள் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இந்த மேடை எனக்கு அதிகம் சொன்னது.

ஆனால் ஒரு குறை. நான் படித்தவரையில் இந்த நாவல்கள் கடலோரத் தெருக்களையே பார்க்கின்றன. கடலூர் சாலைப் பக்கம் வருவதில்லை. பிரெஞ்சியர் ஆட்சியில் முதலியார்பேட்டை தனி கொம்யூன், அதாவது நகராட்சி. 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை, பின்னாளின் ஏ.எஃப்.டி., இங்கேதான் இருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷிப்டுக்கு வந்து, இங்கேயே குடிசை போட்டுத் தங்கியவர்களும் குடியேறிகள்தான். கடல் கடக்கவில்லை, அவ்வளவுதான். 1936 ஜூலை 30-இல் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். மறுவருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. 2020-இல் ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. சங்கு ஊதினால் சோற்றுத் தூக்கோடு கிளம்பிய அந்தத் தெருக்களை, பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்ட பின் யாராவது எழுதத்தான் வேண்டும்.

இருநூறாம் ஆண்டுக்கு விழா மேடை போடுவார்கள், போடட்டும். அதோடு நூலகம் ஒன்று செய்தால் நல்லது. கப்பலேறியவர்களின் நூல்களைப் பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாகச் சிதறவிடாமல், மொழிபெயர்ப்புகளோடு ஓர் அலமாரியில் சேர்த்துவைக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்களிடம் இருக்கும் சங்கத் துண்டறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், கடிதங்கள் ஆகியவற்றையும் நகலெடுத்து அதே அலமாரியில் வைக்கலாம். நாளைக்கு நாவல் எழுத வருபவருக்கு அவைதான் தேவைப்படும்.