காலிக் கோட்டையும் கறுவாக் குடிகளும்

காலிக் கோட்டையை ஒரு பகலிற் சுற்றிவிடலாம். பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம் 1669 என்னும் ஆண்டுடன் செதுக்கப்பட்டுள்ளது. வெளிப்புறத்தில், 1796 இல் கோட்டையைக் கைக்கொண்ட ஆங்கிலேயரின் அரச சின்னம். ஆண்டவர்கள் தம் அடையாளத்தைக் கல்லிற் பொறித்துச் சென்றனர்.

ஆனால், அவ்வாயில் ஊடறுத்துச் செல்லும் நெடிய பண்டகசாலையைக் கறுவாவால் நிரப்பியவர் யாவர்? காடுகளில் அலைந்து பட்டை உரித்து, கட்டாய ஊழியமாகக் கம்பனிக்கு அளந்த சலாகமச் சாதியினரே. கறுவாவைக் களவாக விற்றோருக்கு மரணதண்டனை விதிக்கவும் ஒல்லாந்தர் சட்டம் இடமளித்தது. அவர்தம் பெயர் எந்த வாயிலிலும் இல்லை.

1988 இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், சின்னங்களைக் காட்டிய பின் பண்டகசாலையின் முன்னும் சற்று நிற்கட்டும். அந்த உழைப்பைச் சொல்லாத வரலாறு பாதி வரலாறே.