யார் தடுத்த காடு?

புதுக்கோட்டைக்காரன் மலை என்று சொன்னால் தேனிக்காரர்கள் சிரிப்பார்கள். நார்த்தாமலையின் குன்றுகளை ஏறி இறங்க ஒரு பகல் போதும். யானை கிடையாது, புலி கிடையாது, சஃபாரி ஜீப்பும் கிடையாது. ஆனாலும் காலையில் நார்த்தாமலையில் தொடங்கி மாலையில் திருவரங்குளத்தில் முடித்தால், ஒரே நாளில் மூன்று விதமான காட்டைப் பார்த்துவிடலாம். சாமிக்கு விட்ட காடு, ராஜாவுக்கு அடைத்த காடு, காகிதத்துக்கு நட்ட காடு. மூன்றிலும் கண்ணில் படுகிற உயிர்கள் வேறு வேறு. அந்த வேறுபாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

திருவரங்குளம் என் ஊர். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் இருக்கிறது. பிழைப்பு சென்னையில், கணினி முன்னால். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன தை மாதம் அப்படிக் கிளம்பிய ஒரு நாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நார்த்தாமலையின் மேலமலையில் காலை ஏழு மணிக்குக் கேட்டது மயில் அகவல்தான். பாறையில் ஓணான் ஒன்று வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது. கரிச்சான், பனங்காடை, தூரத்தில் ஒரு குரங்குக் கூட்டம். மனிதன் தொடாத இடம் என்று தோன்றும். உண்மையில் இது மனிதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். சோழர் காலக் கல்வெட்டுகளில் இதன் பெயர் தெலுங்குகுலகாலபுரம். நகரத்தார் சபை வைத்து நடத்திய வணிக நகரம் அது. இன்று மயில் நடமாடும் சரிவுகளுக்குக் கீழே ஒரு காலத்தில் கடைத்தெரு இருந்திருக்க வேண்டும்.

நகரம் போன பிறகு மலையில் எஞ்சியவை கோயில்களும் சுனைகளும். விஜயாலய சோழீச்சரத்தை முதலில் எடுப்பித்தவன் சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையன். மழையில் அது இடிந்துபோக, மல்லன் விடுமன் திரும்பக் கட்டினான் என்கிறது கல்வெட்டு. பக்கத்திலேயே பழியிலி ஈச்சரம். நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைவித்த குடைவரை அது. முன்மண்டபத்தை எடுத்தவள் அவன் மகள் பழியிலி சிறியநங்கை. இந்த மலையில் பெய்யும் மழை கோயிலையும் இடித்திருக்கிறது, சுனைகளையும் நிரப்பியிருக்கிறது. அந்தச் சுனைகளை நம்பித்தான் இன்றைக்கும் மயிலும் குரங்கும் இங்கே இருக்கின்றன.

சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் குன்று ஜல்லியாகாமல் தப்பியது முதலில் சாமியால், பிறகு தொல்லியல் துறையால். மயிலுக்காக இதை யாரும் காப்பாற்றவில்லை. கோயிலுக்கு விழுந்த காவலில் மயிலும் பிழைத்துக்கொண்டது.

மதியத்துக்குமேல் பைக்கில் திருவரங்குளம் பக்கம் திரும்பினால் நிலம் தட்டையாகிவிடுகிறது. செம்மண், முந்திரி, முள்ளுக்காடு. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் பிரிட்டிஷ் பகுதிக்கானது. இங்கே தொண்டைமான் அரண்மனை வைத்ததுதான் சட்டம். ராஜா வேட்டையாட அடைத்து வைத்த காடுகள் இருந்தன. மானும் பன்றியும் அங்கே பெருகின, ராஜா சுடுவதற்காக. அவை ராத்திரியில் அடுத்த கொல்லையில் இறங்கி மேய்ந்தால் குடியானவன் என்ன செய்ய முடியும்? மானைக் காத்த வேலியே அவன் பயிருக்கு எமன். இதை மறந்துவிட்டு ராஜா காலத்துக் காட்டை நினைத்து உருகுவது எனக்கு ஒப்பவில்லை.

சாமிக் காடும் அப்பழுக்கற்றது என்று சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்தில் அய்யனார் கோயில் காடுகள் நிறைய. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசி மகத்தன்று பெரிய குதிரைச் சிலைக்குக் காகித மாலைகள் குவியும். ஊர்ப்பக்கத்துச் சின்னக் காடுகளில் மண்குதிரைகள் வரிசையாய் நிற்கும். காசான், வீரை, பாலை என்று பசுமைமாறா மரங்கள் பின்னிக் கிடக்கும். ஒடிந்து விழுந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. ஆனால் யார் எதுவரை வரலாம் என்பதில் சாதியும் சேர்ந்துகொண்டதை ஊர்க்காரர்கள் அறிவார்கள். தடை எல்லார் தலையிலும் ஒரே கனத்தில் விழவில்லை.

மூன்றாவது காட்டுக்கு வயது ஐம்பதுக்கு மேல். புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல். அதே ஆண்டில்தான் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. காகித ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும். ஏக்கர் ஏக்கராகத் தைலமரம் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுவார்கள், அடிமரம் மறுபடி துளிர்க்கும், மறுபடி வெட்டுவார்கள். நான் அதற்குள் ஒரு மணி நேரத்துக்குமேல் நடந்தேன். நேர்க்கோட்டில் மரங்கள், காலடியில் சருகு. எண்ணியது இரண்டு கரிச்சான், ஒரு கீரி. அதன் விளிம்பில், ஒரு அய்யனார் கோயில் காட்டை ஒட்டிய ஊருணிச் சேற்றில், மான் குளம்புத் தடங்கள் புதிதாக இருந்தன.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "மானெல்லாம் இங்கிட்டு தண்ணி குடிக்க வரும் தம்பி. தைலமரத்துக்குள்ள அதுக்கு என்ன இருக்கு? அந்த எலைய ஒடிச்சுப் போட்டா எம்புட்டு ஆடுகூட மோந்து பாக்காதுல்ல" என்றார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். "மழ பெஞ்சா முன்னாடி இந்தக் காட்டுத் தண்ணி பூரா கம்மாய்க்குத்தான் வரும். இப்ப உள்ளயே வரப்பு போட்டு நிப்பாட்டிப்புட்டாங்க."

இந்த மாவட்டத்து விவசாயிகளின் நெடுநாள் புகார் இது. தைலமரத் தோப்புகளுக்குள் வெட்டிய வாய்க்காலும் வரப்பும் மழைநீரை அங்கேயே தேக்குகின்றன, கண்மாய்க்கு வரத்து குறைகிறது என்பது. அவர் சொன்ன பிறகுதான் நாள் முழுக்கப் பார்த்தது எனக்குக் கோர்வையானது. மூன்று காட்டிலும் தடை உண்டு. மலைச் சுனை வழிந்து கீழே ஓடியது. கோயில் காட்டின் ஊருணியில் ஊரே குடித்தது. ராஜாவின் வேலிகூட மனிதனைத்தான் தடுத்தது, ஓடையைத் தடுக்கவில்லை. தைலமரக் காட்டில்தான் தண்ணீருக்கும் தடை வந்தது. தண்ணீர் போன வழியில்தான் மானும் போகிறது.

1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு தடை. வேட்டை நின்றது, நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் செலவில் ஒரு பங்கை இன்று கட்டுவது கடலையும் உளுந்தும் போட்ட சம்சாரி. மயில் கூட்டமாய் இறங்கிக் கொத்தினால் விரட்ட மட்டுமே முடியும். காட்டுக்குள் இரையும் நீரும் இல்லையென்றால் மயிலும் மானும் கொல்லைக்குத்தான் வரும். மரத்தை நட்ட இடத்தில் கணக்கு எழுதுகிறோம், பயிர் போன இடத்தில் எழுதுவதில்லை.

தைலமரம் ஒவ்வொரு முறை வெட்டப்படும்போதும் அந்த நிலத்துக்கு ஒரு முடிவு எடுக்கவேண்டி வருகிறது. திரும்பவும் துளிர்க்க விடலாம். அல்லது வேரைத் தோண்டி, வரப்பை உடைத்து, கண்மாய்க்குத் தண்ணீரைத் திறந்துவிடலாம். பிறகு அங்கே எதை நடுவது என்று தேடி யாரும் தூரம் போகவேண்டியதில்லை. காசானும் வீரையும் பாலையும் அய்யனார் கோயில் காடுகளில் இன்னும் காய்த்து உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.