குறைந்த முதலில் எழுந்த கோதிக் அச்சப் படங்கள்

மேலைநாட்டுத் திரைப்பட வரலாற்றில் 1940களின் தொடக்கம் முதல் 1970களின் இடைப்பகுதி வரை, மிகக் குறைந்த பொருட்செலவில் எழுந்த அச்சப் படங்கள் பலவாகும். பாழ்பட்ட மாளிகை, நிலவறை, கல்லறை, மெழுகுதிரி ஏந்தி இருளில் நடக்கும் பெண், குலத்தைத் தொடரும் பழி ஆகியனவே அவற்றின் முதலும் கருவும். அக்காலத்துப் பெரும்பொருட் படங்கள் பல மறக்கப்பட்ட பின்னும் இவை இன்றும் தேடிப் பார்க்கப்படுகின்றன. காரணம் கூறப் புகுந்தோர் பெரும்பாலும் ஒன்றையே கூறுவர். பணம் இன்மையால் அச்சப்பொருளை நேரே காட்ட இயலவில்லை. ஆகவே குறிப்பாற் புலப்படுத்தினர். குறிப்பு வெளிப்படையினும் வலிது என்பது அவர் முடிபு. இம்முடிபு சில படங்களுக்குப் பொருந்தும், பலவற்றிற்குப் பொருந்தாது. பொருந்தாத இடத்திலேயே இவ்வகைப் படங்களின் இயல்பு விளங்குகின்றது என்பது நம் கருத்து.

முதற்கண் கோதிக் என்னும் பெயரின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். கோத் என்னும் பழங்குடியின் பெயரினின்று பிறந்த இச்சொல், இடைக்காலத்துக் கூர்வளைவுக் கட்டடக் கலையைக் குறிப்பதாயிற்று. அதனைக் கதையிலக்கியத்திற்கு உரியதாக்கியவர் ஹோரேஸ் வால்போல். இவர் இலண்டனுக்கு அண்மையில் டுவிக்கன்ஹாம் என்னும் ஊரில் இசுட்ராபெரி ஹில் என்னும் தம் இல்லத்தை 1749 முதல் சிறிது சிறிதாக இடைக்கால மாளிகை போல மாற்றியமைத்தார். அதன் நெடுங்கூடத்து விதானம், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ஏழாம் ஹென்றி எடுப்பித்த சிற்றாலயத்தின் கல் விதானத்தைப் பின்பற்றியது. ஆயின் வால்போலின் விதானம் கல்லால் ஆயதன்று. காகிதக் கூழால் வார்க்கப்பட்டது. 1764இல் அவர் வெளியிட்ட 'ஒட்ராண்டோ மாளிகை' என்னும் கதையும் அத்தகையதே. பழைய இத்தாலிய நூலொன்றன் மொழிபெயர்ப்பு என்று கூறி அதனை வெளியிட்டார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டு, 'கோதிக் கதை' என்னும் துணைத்தலைப்பையும் சேர்த்தார். எனவே, இவ்விலக்கிய வகை தன் பெயரைப் பெற்றதும் தன் பொய்யை வெளியிட்டதும் ஒரே பதிப்பில் நிகழ்ந்தன. இதனை நாம் தற்செயல் என்று தள்ளுதற்கில்லை.

மலிவும் இவ்வகைக்குப் புதிதன்று. 1800ஆம் ஆண்டை ஒட்டி, நீல அட்டையிட்ட 36 அல்லது 72 பக்கச் சிறு நூல்கள் ஆறு பென்னிக்கும் ஒரு ஷில்லிங்குக்கும் இங்கிலாந்தில் விற்கப்பட்டன. பெரிய கோதிக் நாவல்களைச் சுருக்கியும் திருடியும் எழுதப்பட்டவை அவை. 1840களில் 'வார்னி' என்னும் குருதி குடிக்கும் பேயின் கதை ஒரு பென்னி இதழ்களாகத் தொடர்ந்து வெளிவந்தது. குறைமுதற் படங்களுக்கு நேர் மூதாதையர் இவையே.

இனித் திரைப்படங்களுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1942இல் வால் லூட்டன் என்பாரைச் சிறு அச்சப் படங்கள் எடுக்க அமர்த்தியது. படம் ஒன்றுக்கு 1,50,000 டாலருக்கு மேற்செலவு கூடாது. 75 நிமிடத்திற்கு மேல் நீளல் கூடாது. தலைப்பை நிறுவனமே தரும். இவை அவர்க்கு விதிக்கப்பட்ட வரம்புகள். அவ்வாண்டே ஜாக் டூர்னர் இயக்கத்தில் வந்த 'பூனை மக்கள்' என்னும் படத்தில், ஆர்சன் வெல்ஸின் படமொன்றுக்காக எழுப்பப்பட்டிருந்த மாடிப்படி மீண்டும் பயன்பட்டது. அதில், இரவில் தனியே நடக்கும் பெண்ணைத் தொடரும் காலடியோசை நின்றுவிடுகின்றது. விலங்கின் சீற்றம் போலும் ஓர் ஒலி எழுகின்றது. வந்து நிற்பதோ ஒரு பேருந்து. விலங்கு காட்டப்படவே இல்லை. குறிப்புக் கொள்கையினர்க்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

ஆயின் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனப் படங்களை இக்கொள்கை விளக்காது. தேம்ஸ் ஆற்றங்கரையில் ப்ரே என்னும் சிற்றூரை அடுத்த பழைய மாளிகையொன்றைப் படப்பிடிப்பு நிலையமாகக் கொண்ட இந்நிறுவனம், 1957இல் 'பிராங்கென்ஸ்டைனின் சாபம்' என்னும் படத்தை ஏறத்தாழ 65,000 பவுன் செலவில் எடுத்தது. டெரன்ஸ் ஃபிஷர் இயக்கினார். பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ நடித்தனர். இப்படத்தில் மறைப்பு என்பதே இல்லை. குருதி செந்நிறமாய் வண்ணத்தில் ஒழுகுகின்றது; வெட்டிய உறுப்புகள் கண்முன் வைக்கப்படுகின்றன. இகழ்ந்த திறனாய்வாளர் பலர்; திரண்ட மக்களோ அவரினும் பலர். குறிப்பின்றியும் குறைமுதற் கோதிக் வென்றது என்பதற்கு இஃதொன்றே போதும்.

மறு ஆண்டு வந்த 'டிராகுலா' சற்று விரித்து நோக்கத்தக்கது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் கப்பற் பயணம் உண்டு, இலண்டன் உண்டு, டிராகுலா ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறுவான். திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர், செலவு நோக்கிக் கப்பலை நீக்கினார். இலண்டனையும் நீக்கி, கதை முழுவதையும் மாளிகைக்கு அண்மைய ஊர்களில் அடக்கினார். உருமாற்றம் மக்களின் தவறான நம்பிக்கை என்று வான் ஹெல்சிங் வாயிலாகவே கூறவைத்தார். பணமின்மை இங்கே கொள்கையாகவே மாறிவிட்டது! டிராகுலாவாக நடித்த லீ, தொடக்கத்தில் ஹார்க்கருடன் உரையாடுவதோடு சரி. பின்னர் வாய் திறப்பதில்லை. இறுதிக் காட்சியில் வான் ஹெல்சிங் நீண்ட மேசைமீது ஓடித் தாவித் திரைச்சீலையைக் கிழித்துக் கதிரவன் ஒளியை உள்ளே விடுகின்றார். பின்னர் இரு மெழுகுதிரித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்குகின்றார். அவை தண்டுகள் என்பதை நாம் அறிவோம்; டிராகுலாவும் அறிவான். எனினும் அவன் பின்வாங்குகின்றான். இவ்வகைப் படங்களின் ஆற்றல் முழுவதும் இவ்வொரு செயலில் அடங்கிக் கிடக்கின்றது என்று கருதுகின்றோம்.

கலை இயக்குநர் பெர்னார்ட் ராபின்சன் ஒரே சுவர்களையும் படிகளையும் இடம் மாற்றிப் படம்தோறும் பயன்படுத்தினார். 1966இல் வெளிவந்த 'டிராகுலா: இருளின் இளவரசன்', 'ரஸ்புட்டின்' ஆகிய இரண்டும் ஒரே காட்சியமைப்புகளில் அடுத்தடுத்து எடுக்கப்பட்டவை. வழக்கமாகப் பார்ப்போர் இதனை அறிந்தே பார்த்தனர். முன்னர்ப் பார்த்த படியில் மீண்டும் ஒருத்தி இறங்கி வருதல் அவர்க்குக் குறையாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் ராஜர் கோர்மன், எட்கர் ஆலன் போவின் கதைகளை 1960 முதல் 1964 வரை தொடராகப் படமாக்கினார். முதலாவதாகிய 'அஷர் மாளிகை' 15 நாளில், ஏறத்தாழ 3,00,000 டாலரில் முடிந்தது. கதைமாந்தர் நால்வரே. கலிபோர்னியாவில் காட்டுத்தீயால் கரிந்துபோன இடமொன்றில் தொடக்கக் காட்சி எடுக்கப்பட்டது. மாளிகை எரிவதற்கு, உண்மையில் எரியூட்டப்பட்ட பழைய களஞ்சியமொன்று படம் பிடிக்கப்பட்டது. அவ்வெரி பின்வந்த படங்களிலும் மீண்டும் மீண்டும் எரிந்தது. இக்கதையில் அரக்கன் எங்கே என்று பணம் முதலிட்டோர் வினவ, மாளிகையே அரக்கன் எனத் தாம் விடையிறுத்ததாகக் கோர்மன் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

இவ்விடை தமிழ் பயில்வார்க்குத் தொல்காப்பியத்தை நினைவூட்டும். மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன் கூறுகின்றது. அணங்கு மலையிலும் நீர்த்துறையிலும் உறைவதாகச் சங்கப் பாடல்கள் கருதுதலின், இடமே அஞ்சத்தக்கதாதல் நமக்குப் புதிதன்று. அதனினும் பயனுடையது உரையாசிரியர் காட்டும் பகுப்பு. சுவைப்படு பொருள் வேறு, சுவையுணர்வு வேறு என்பர் அவர். கோதிக் படத்தில் பொருள் போலி. அதனைக் காண்போரும் போலியென அறிவர். உணர்வு மட்டும் மெய். பெருஞ்செலவுப் படம் பொருளையும் மெய்போற் காட்டி இவ்விடைவெளியை மூட முயல்கின்றது. குறைமுதற் படம் மூட வகையற்று அதனைத் திறந்தே வைக்கின்றது. காண்போன் தானே இசைந்து அவ்விடைவெளியைக் கடக்கின்றான். இவ்விசைவே இன்பம் பயக்கின்றது. இப்படங்களை எள்ளி நகைத்துப் பார்ப்போரும் உளர். அவர் அட்டைச் சுவரை மட்டும் கண்டவர்.

பணக்குறை ஒன்றே காரணமாயின் மலிவான அச்சப் படம் யாவும் இவ்வாறு அமைதல் வேண்டும். 1968இல் ஜார்ஜ் ரொமேரோ ஏறத்தாழ 1,14,000 டாலரில் எடுத்த 'உயிர்த்த பிணங்களின் இரவு' அவ்வாறு அமையவில்லை. அதன் கருப்பு வெள்ளைக் காட்சிகள் செய்திப் படம் போல நம்பவைக்க முயல்வன. அங்கே மாளிகை இல்லை, சாதாரணப் பண்ணை வீடே உண்டு. அதே ஆண்டில் 'ரோஸ்மேரியின் குழந்தை' நியூயார்க்கு நகர அடுக்குமாடிக் குடியிருப்பிற்குள் அச்சத்தைக் கொண்டுவந்தது. ஹாமர் நிறுவனம் ஏற்றுமதிச் சிறப்பிற்காக அரசியாரின் தொழில் விருதைப் பெற்றதும் அதே 1968இல்தான். அதற்குள் அந்நிறுவனம் ப்ரே மாளிகையை விட்டு வெளியேறியிருந்தது. 1972இல் டிராகுலாவை அக்காலத்து இலண்டன் நகருக்கே கொண்டுவந்து இளைஞர் கூட்டத்திடையே உலவவிட முயன்றது. லீயும் குஷிங்கும் அப்படத்தில் மீண்டும் எதிர்நின்றனர். ஆயின் டிராகுலா அப்படத்தில் வழிபாடொழிந்த பாழ்ந்த தேவாலயம் ஒன்றைவிட்டு அகலவே இல்லை.