பேஸ் கிட்டார் தந்தி உயரம்

பேஸ் கிட்டார் தந்தி உயரம் என்பது, பேஸ் கிட்டாரின் தந்திகளுக்கும் அவற்றின் கீழுள்ள மெட்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறிக்கும். இசைக்கலைஞர்கள் இதனை ஆக்‌ஷன் என்பர். இவ்வுயரத்தையும், இதனோடு தொடர்புடைய கழுத்து வளைவு, சுருதித் துல்லியம் ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்தும் பணி செட்டப் எனப்படுகிறது. உயரம் மிகக் குறைந்தால் அதிரும் தந்தி மெட்டுகளில் மோதி இரைச்சல் எழும். மிகக் கூடினால் தந்தியை அழுத்துவது கடினமாகும்; அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடுவதால் சுருதியும் உயர்ந்துவிடும்.

வரலாறு

லியோ ஃபெண்டர் 1951 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம் (சுமார் 86.4 செ.மீ) ஆகும். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் இந்நீளத்தையே பின்பற்றுகின்றன. தொடக்கத்தில் இதன் பாலத்தில், தந்திகளைத் தாங்கும் சேடில்கள் இரண்டு மட்டுமே இருந்தன. இரு தந்திகளுக்கு ஒரு சேடில் பொதுவாக இருந்ததால், ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே சரிசெய்ய இயலவில்லை. 1957 ஆம் ஆண்டின் மாற்றியமைக்கப்பட்ட வடிவில் தந்திக்கு ஒன்றாக நான்கு சேடில்கள் அமைக்கப்பட்டன.

சீரமைக்கும் முறை

1. சுருதி சேர்த்தல்: வழக்கமாகப் பயன்படுத்தும் தடிமனுள்ள தந்திகளைப் பூட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். தந்திகளின் இழுவிசை இன்றி எடுக்கும் அளவுகள் பயன்படா.

2. கழுத்து வளைவு: அதிரும் தந்திக்கு இடமளிக்கக் கழுத்து சற்றே உட்குழிந்திருத்தல் வேண்டும். தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்தினால் அது நேர்கோலாகப் பயன்படும். அப்போது எட்டாம் மெட்டில் காணும் இடைவெளி ஏறத்தாழ 0.3 மி.மீ இருக்கலாம். கழுத்தினுள் உள்ள ட்ரஸ் ராடு என்னும் எஃகுத் தண்டின் மரையை வலஞ்சுழியாகத் திருகினால் இவ்விடைவெளி குறையும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகலாகாது. வலிந்து திருகித் தண்டு முறிந்தால் கழுத்தையே மாற்ற நேரிடலாம்.

3. தந்தி உயரம்: பதினேழாம் மெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பகுதி வரை அளக்கப்படுகிறது. தடித்த தந்திக்கு 2.4 மி.மீ, மெல்லிய தந்திக்கு 2 மி.மீ என்பன நல்ல தொடக்க அளவுகள். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் இருப்பதால், சேடிலை 1 மி.மீ உயர்த்தினால் அங்கு உயரம் சுமார் 0.5 மி.மீ கூடும்.

4. சுருதித் துல்லியம்: பன்னிரண்டாம் மெட்டிற்கு நேர்மேலே தந்தியை இலேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அம்மெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒத்திருக்க வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னோக்கியும், தாழ்ந்திருந்தால் முன்னோக்கியும் நகர்த்த வேண்டும்.

கழுத்து வளைவு மாறினால் தந்தி உயரம் மாறும்; உயரம் மாறினால் சுருதி மாறும். எனவே இவ்வரிசையை மாற்றிச் செய்தால் முடித்த வேலையை மீண்டும் செய்ய நேரிடும். தந்தி உயரத்தைக் குறைப்பதற்காக ட்ரஸ் ராடைத் திருகுவது பரவலாகக் காணப்படும் தவறாகும்.

இரைச்சலின் காரணங்கள்

* முதல் சில மெட்டுகளில் மட்டும்: கழுத்து மிகவும் நேராகவோ பின்வளைந்தோ உள்ளது.
* மேல் மெட்டுகளில் மட்டும்: தந்தி உயரம் போதாது.
* அழுத்தாத தந்தியில் மட்டும்: கழுத்தின் முனையிலுள்ள நட்டின் பள்ளம் ஆழமாகியுள்ளது.
* ஒரே இடத்தில் மட்டும்: அதற்கு அடுத்துள்ள மெட்டு உயர்ந்துள்ளது. இதனைச் சேடிலால் சரிசெய்ய இயலாது. மெட்டைச் சமன்படுத்த வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் மாறும்போது மரம் விரிந்து சுருங்குவதால், பருவ மாற்றத்திற்குப் பின் அளவுகளைச் சரிபார்ப்பது நல்லது.

வாசிப்பு முறையும் உயரமும்

அனைவருக்கும் பொருந்தும் ஒரே உயரம் என்று எதுவுமில்லை. மென்மையாக மீட்டுவோருக்குத் தாழ்ந்த தந்திகளும், வலுவாக மீட்டுவோருக்கு உயர்ந்த தந்திகளும் ஏற்றவை. மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தமது 1962 ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில், பிறர் வாசிக்கத் தயங்கும் அளவிற்குத் தந்திகளை உயர்த்தி வைத்திருந்தார்.